வேறை சொல்லுப் போட்டுத் தேடுங்கோ

ரீச்சர்,

இன்று சனிக்கிழமை. காலை பத்து மணிக்குச் சேவல் கூவியது. திருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு, பனையோலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அந்த அறுவான் சேவலை வேலியோரம் மடக்கி, கடகத்தைக் கவிழ்த்து மூடி, மேலே கல்லும் வைத்துவிட்டுப் பின்னறை யன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினேன், இனித் தொடங்குங்கோ என்று. யன்னல் பூட்டிக் கிடந்தது.

கடகத்தை எடுத்துவிட்டேன். சேவல் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனது. அதற்காவது போக ஓரிடம் இருக்கிறது. நீங்கள் போன நாள் தொடக்கம் எனக்கு ஓரிடத்தில் இருப்பில்லை. கூட்டின முற்றத்தையே திரும்பக் கூட்டுகிறேன். உலையை வைத்துவிட்டுத் தெருப் படலையடியில் போய் நிற்கிறேன். ஏன் வந்தேன் என்று படலையைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

கீரிமலையில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வருகிற கிழமை. அன்றைக்குக் கொடுக்கிற நினைவு மலர் நேற்று அச்சுக்குப் போய்விட்டது. அதிலே எனக்கும் ஒரு பக்கம் தந்தார்கள், ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று ஒருவரும் ஒதுக்கவில்லை. ஆனாலும் சொல்லி முடியவில்லை. சொல்லாமல் நின்றதுதான் என்னை இருக்க விடுகிறதில்லை. அதை உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் வீடு பெரிய தெருவோடு ஒட்டினது. நூலகரான நீங்கள் இணையத்தில் வகுப்பு எடுக்கும்போது பஸ்காரன் ஹோண் அடித்தால் அது மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருக்கிற உங்கள் மாணவர்களின் காதுக்குள் போய் விழும். ஒழுங்கைக்குள் இருக்கிற என் பின்னறையில் சத்தமில்லை, சிக்னலும் நல்லாய் இழுக்கிறது என்று கண்டுபிடித்தவள் என் பேத்தி. அவளும் அந்த மாணவர்களில் ஒருத்திதானே. தாதி வேலையும் பார்த்துக்கொண்டு தூர இருந்தே பட்டத்துக்குப் படித்தவள். அவள் சொல்லி அடுத்த கிழமை, மடிக்கணினியையும் ஒரு போர்வையையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு படலையடியில் வந்து நின்றீர்கள்.

"அக்கா, ஒரு மணித்தியாலம் உங்கடை வெங்காய அறையைத் தருவியளோ?"

"வெங்காயத்துக்குள்ளை இருந்தால் கண் எரியும் ரீச்சர்."

"நான் என்ன, அதை உரிக்கவே போறன்?"

ஒரு மணித்தியாலம் என்று வந்தவர் வருஷக்கணக்காய் வந்தீர்கள். சேவல் கூவி வகுப்பைக் குழப்பாமல் கடகத்தால் மூடுவது என் வேலையானது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் போர்வையைச் சுவரில் தொங்கவிட்டீர்கள். மேலே கூரை வளையில் கட்டியிருந்த வெங்காயப் பிடிகளை அது மறைக்கவில்லை. முதல் வகுப்பிலேயே ஒரு பிள்ளை கேட்டது எனக்கு வாசலில் கேட்டது: "மிஸ், உங்களுக்குப் பின்னாலை தொங்குறது என்ன?"

"அதுவோ? எங்கடை கோப்பாயிலை நூலகங்களுக்கு இப்பிடித்தான் சோடனை."

அத்தனை பேரும் சிரித்தார்கள். முகம் தெரியாத ஊர்களின் சிரிப்பு என் வீட்டுக்குள் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இருந்ததிலே நல்ல பிடியாய்ப் பார்த்துத் தொங்கவிட்டேன்.

நான் வாசலில் இருந்தபடியே கேட்டதுதான் எனக்குத் தெரிந்த நூலகம். பிள்ளைகள் ஒருவரும் உங்கள் நூலகத்தின் உள்ளே வந்தவர்கள் இல்லை. பகலில் வேலை, இரவில் படிப்பு, ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டிய நாள் வந்தால் தலையில் கை. அவர்களுக்கு நீங்கள் நூலகப் பட்டியலைத் திரையில் விரித்துவைத்து, வீட்டில் இருந்தே எப்படித் தேடுவது, கண்டதை எப்படி மதிப்பது, எங்கே கண்டோம் என்று எப்படிக் குறிப்பது என்று காட்டினீர்கள். முல்லைத்தீவுப் பிள்ளை ஒருவன் மீன் பிடிக்கிறவர்களின் கஷ்டத்தைப் பற்றி எழுத வேண்டுமென்று, அப்படியே "மீன் பிடிக்கிற ஆக்களின் கஷ்டம்" என்று அடித்துத் தேடினான்.

"ஒண்டும் இல்லை மிஸ்."

"ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லும். இல்லை எண்டு சொல்லாதையும். நீர் வீட்டிலை கதைக்கிற சொல்லு வேறை, அதை எழுதி வைச்சவரின்ரை சொல்லு வேறை. வேறை சொல்லுப் போட்டுத் தேடும். கடற்றொழிலாளர் எண்டு போடும். வாழ்வாதாரம் எண்டு போடும்."

திரையில் புத்தகத் தலைப்புகள் மளமளவென்று விழுந்தன. "அட கோதாரி!" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதுவும் எல்லா ஊருக்கும் கேட்டுவிட்டது. வகுப்பு முடிந்து வெளியே வந்து நீங்கள் என்னை ஏசவில்லை. "அக்கா, உந்தக் கோதாரி எண்ட சத்தத்துக்குத்தான் நான் படிப்பிக்கிறன்" என்றீர்கள்.

வெங்காயம் முளைத்த கதையை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வருஷம் சுன்னாகம் சந்தையில் மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள், கொஞ்சம் பொறுத்தால் விலை ஏறும் என்று. நான் விற்காமல் கட்டித் தொங்கவிட்டேன். விலை ஏறவில்லை, வெங்காயம் முளைத்தது. விசாரித்துப் பார்த்தால் மூன்று பேருக்கும் சொன்னவன் ஒரே லொறிக்காரன். ஆற்றாமையில் அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? சனிக்கிழமை வகுப்பில் மடிக்கணினியை அப்படியே மேலே திருப்பி, பச்சை முளை தள்ளி நின்ற என் வெங்காயத்தை நாடு முழுக்கக் காட்டினீர்கள்.

"பாருங்கோ பிள்ளையள். இது மூண்டு பேர் சொன்னதைக் கேட்டு முளைச்ச வெங்காயம். மூண்டு கட்டுரையிலை ஒரே விஷயம் இருந்தால் அது மூண்டு சாட்சி எண்டு நினையாதேங்கோ. ஒவ்வொண்டையும் பிடிச்சுக் கேளுங்கோ, உனக்கு ஆர் சொன்னது எண்டு."

அன்றைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி தரவில்லை. நீங்களே அடுப்படிக்குள் போய்ப் போட்டு, எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தீர்கள்.

அந்த வெங்காயம்தான் ரீச்சர் இந்தக் கிழமை எனக்குக் கை கொடுத்தது. கொடுத்த கையாலேயே ஒரு அடியும் போட்டது.

உங்கள் தம்பி லண்டனிலிருந்து வந்து நின்று எல்லாம் ஒழுங்காய்த்தான் செய்கிறார். உங்கள் வீட்டில் தனியே இருக்கிறார். நாலு நாளைக்கு முன்னர் பின்னேரம் மலரின் தாள்களைப் பின்னறைக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "ஒருக்கால் பாத்துத் தாங்கோ அக்கா. அச்சகம் அவசரப்படுத்துது."

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும், ஆனால் ஒன்றையும் தவறவிடமாட்டேன். உங்கள் தம்பியின் கட்டுரையில் இருந்தது: "கணவரை இழந்த தனிமையைப் போக்க, இணைய வகுப்புகள் நடத்திப் பொழுதைக் கழித்தார்." ஓய்வு பெற்ற அதிபர் எழுதியதிலும் அதுவே. கோயில் தர்மகர்த்தா எழுதியதிலும் அதுவே, கமா கூட மாறாமல்.

பொழுதைக் கழித்தாராம்! ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று நாள் ஆயத்தம் செய்து, தொண்டை கட்டினால் கொத்தமல்லி குடித்துவிட்டு வந்து கதைத்தவர் பொழுதைக் கழித்தாராம். எனக்குக் காது சுட்டது.

"தம்பி, இது பிழை."

"என்ன பிழை அக்கா? மூண்டு பேர் எழுதியிருக்கினம்."

"மூண்டு பேருக்கும் ஆர் சொன்னது?"

என் வாய்தான், ஆனால் குரல் உங்களுடையது. அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் அதிபருக்குத் தொலைபேசி எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். "நீங்கள்தானே தம்பி முகநூலிலை போட்டனீங்கள்? அதைப் பாத்துத்தான் எழுதினனான்" என்றார் அதிபர். தர்மகர்த்தாவைக் கேட்டால், "பிரின்சிப்பல் தன்ரையைக் காட்டினவர். வசனம் நல்லாயிருந்துது, நானும் போட்டிட்டன்" என்றார். உங்கள் தம்பி தொலைபேசியை வைத்துவிட்டு வளையில் தொங்கிய வெங்காயத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார். "மூண்டும் நான்தான் அக்கா."

"ஓம். முளைச்சிட்டுது" என்றேன். அது அவருக்கு விளங்கவில்லை.

பிறகு நான் என் கதையைச் சொன்னேன், நான் எப்போதும் ஊருக்குச் சொல்லுகிற கதை. மன்னாரிலிருந்து ஒரு பிள்ளை விடியப் பஸ் ஏறி உங்கள் நூலகத்துக்கு வந்தது. அன்றைக்குப் புத்தகக் கணக்கெடுப்பு என்று பூட்டியிருந்தது. அறிவித்தல் வாசலில்தான் ஒட்டியிருந்தது, மன்னாருக்கு எப்படித் தெரியும்? பிள்ளை படியில் இருந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனது. அதைப் பொறுக்க முடியாமல்தான் நீங்கள் இந்த வகுப்பைத் தொடங்கினீர்கள். தனிமையாலும் இல்லை, பொழுது போகாமலும் இல்லை.

உங்கள் தம்பி கேட்டுக்கொண்டிருந்தார். உங்களைப்போலவே தலையைச் சரித்து. "பிள்ளை அழுததெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது அக்கா?"

"உங்கடை அக்காதான்."

"அவ பாத்தவவோ?"

நினைத்துப் பார்த்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் ரீச்சர்? கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னீர்கள்: "ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் வந்து படியிலை இருந்திட்டுப் போச்சு அக்கா. இனி ஒருத்தரும் அப்பிடி வந்து இருக்கப்படாது." அவ்வளவுதான். அழுகை அதில் இருந்ததா? எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் கண்ணீர் எனக்கே தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் சொன்னதா, நான் சேர்த்ததா? அவர் போன பிறகும் எனக்கு நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. கிணற்றடியில் போய், நீங்கள் நின்ற இடத்தில் நின்றும் பார்த்தேன். கிணறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் உங்கள் மாணவர்களின் வட்ஸ்அப் குழு நினைவு வந்தது. என்னையும் அதில் சேர்த்துவிட்டிருந்தீர்களே, வகுப்புக்கு முதல் "அக்கா, கேக்குதோ?" என்று சோதிக்க. எழுதினால் எழுத்துப் பிழை வரும். வாயால் கதைத்தால் நான் ஒருவருக்கும் குறைந்தவளில்லை. குரலைப் பதிந்து அனுப்பினேன்: "நான் வெங்காய அறை வீட்டுக்காரி கதைக்கிறன். கணக்கெடுப்பு நாளிலை வந்து படியிலை இருந்து அழுத மன்னார்ப் பிள்ளை உங்களுக்குள்ளை இருந்தால் என்னோடை கதையும் மோனை."

அடுத்த நாள் காலை அழைப்பு வந்தது. இப்போது மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம்.

"அம்மா, அது நான்தான். ஆனால் நான் அழேல்லை."

"பின்னை?"

"ஏசினனான்."

அறிவித்தலில் இருந்த இலக்கத்துக்குப் படியில் இருந்தபடியே தொலைபேசி எடுத்தாளாம். எடுத்தவர் யார் என்று கூடக் கேட்கவில்லையாம். "உங்களுக்கென்ன மிஸ், நீங்கள் யாழ்ப்பாணத்திலை இருக்கிறியள், நினைச்ச நேரம் துறப்பியள், நினைச்ச நேரம் பூட்டுவியள். நாங்கள் படிச்சால் என்ன விட்டால் என்ன எண்டுதானே?" என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னாளாம். மறுபக்கத்தில் ஒரு குரல், "நீர் சொல்லுறது சரி பிள்ளை. நில்லும், வாறன்" என்றதாம். இவள் கோபத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போக பஸ் ஏறிவிட்டாள். பஸ் அசையும்போது பார்த்தால், நூலகக் கேற்றடியில் ஒரு மனுசி, சேலையெல்லாம் புத்தகத் தூசியோடு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

உள்ளே இருந்து புத்தகம் எண்ணிக்கொண்டிருந்தது நீங்கள்தானா ரீச்சர்? ஒரு கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாய் இருந்தீர்களா இரண்டு பேரும்? எனக்கு ஏன் இதைச் சொல்லவில்லை?

"மிஸ் பிறகு வகுப்பிலை சொன்னவா அம்மா," என்றாள் அவள். "என்னை ஏசின பிள்ளை இஞ்சை இருந்தால் வணக்கம், உம்மாலைதான் இந்த வகுப்பு எண்டு. நீங்கள் வாசலிலைதானே இருக்கிறனீங்கள், கேக்கேல்லையோ?"

அன்றைக்குச் சேவல் கடகத்துக்குள்ளிருந்து தப்பிவிட்டது. நான் அதைத் துரத்திக்கொண்டு பக்கத்து வளவுக்குள் நின்றேன்.

வெட்கமாயும் இருந்தது, சந்தோசமாயும் இருந்தது. அழுகிற பிள்ளைக்கு இரங்கினது என் கதை. ஏசின பிள்ளையைச் சரி என்று சொன்னது உங்கள் கதை. உங்கள் கதைதான் பெரிது. உடனே உங்கள் தம்பியிடம் போனேன். "நான் சொன்னதிலையும் பிழை இருக்கு தம்பி, நான் திருத்துறன். நீரும் அந்தத் தனிமையை எடுத்துவிடும்."

அவர் உங்கள் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தாள்களை மடியில் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பொழுதைக் கழித்தார் எண்டதை எடுக்கிறன் அக்கா. அது என்ரை வசனம். தனிமை என்ரை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனிலை அவதான் எனக்குச் சொல்லுறவ. 'தம்பி, வீட்டுக்குள்ளை வந்தால் என்ரை செருப்புச் சத்தம் எனக்கே பெரிசாய்க் கேக்குது' எண்டு. வகுப்பு இருக்கிற நாளிலைதான் அந்தச் சத்தம் இல்லையாம்."

இவருக்கு ஆர் சொன்னது என்று கேட்க எனக்கு இடமில்லை. நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

மலரில் இரண்டும் வருகிறது ரீச்சர். இரண்டு புத்தகம் இரண்டு விதமாய்ச் சொன்னால் இரண்டையும் எழுதி, எது யார் சொன்னது என்றும் எழுதுங்கோ என்றுதானே பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள்? அவரது கட்டுரையில் "அக்கா என்னிடம் தொலைபேசியில் சொன்னது" என்று இருக்கிறது. என் பக்கத்தின் அடியில், ஏச்சு வாங்கின கதையைச் சொன்னது மன்னார் ஆசிரியை, கிணற்றடியில் சொன்னது நீங்கள், மிச்சம் நான் நினைத்தது என்று போடச் சொன்னேன். அச்சகக்காரர் சிரித்தாராம், நினைவு மலருக்கு இப்படி ஒருவரும் போடுவதில்லை என்று. போடட்டும், இனிப் போடட்டும். பேத்தி பட்டம் வாங்கின படம் சுவரில் இருக்கிறது, அதைப் பார்த்துச் சொன்னேன்: நானும் இன்றைக்கு ஒன்று எழுதி, எங்கேயிருந்து எடுத்தேன் என்றும் குறித்துவிட்டேன்.

ஆனால் அந்தச் செருப்புச் சத்தம் என்னை விடுகிறதில்லை. லண்டனுக்குக் கேட்டது, ஒரே ஊரில் இருந்த எனக்கு ஏன் கேட்கவில்லை? நான் கேளாமல் விட்டவளில்லை. ஒவ்வொரு முறை நீங்கள் படலையைத் திறக்கும்போதும் கேட்டேன்: "சாப்பிட்டியளோ ரீச்சர்?" நீங்களும் ஒவ்வொரு முறையும் "ஓம் அக்கா" என்றீர்கள். நான் திருப்தியோடு அடுப்படிக்குப் போய்விட்டேன். எங்கள் ஊரில் அன்புக்கு அந்த ஒரு கேள்விதான் தெரியும். அதற்கு அந்த ஒரு பதில்தான் வரும். ஒன்றும் வரவில்லை என்று நான் நினைத்ததில்லை. ஒன்றும் இல்லை என்றே நினைத்துவிட்டேன்.

வாசலில் அத்தனை வருஷம் இருந்து கேட்டேனே ரீச்சர். வேறை சொல்லுப் போட்டுத் தேடுங்கோ என்று எத்தனை தரம் கேட்டேன். அது புத்தகத்துக்கு மட்டும் என்றிருந்துவிட்டேன்.

இன்று கடகத்தை எடுத்துவிட்டு முற்றத்தில் நின்றபோது உங்கள் தம்பி வந்தார். அந்தியேட்டி முடிந்த கையோடு லண்டனுக்குப் பயணமாம், உங்கள் போர்வையைக் கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்தேன். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பின்னறை வாசலிலேயே நின்றார்.

"சாப்பிட்டீரோ தம்பி?"

"ஓம் அக்கா."

நான் திரும்பிவிட்டேன் ரீச்சர். அடுப்படிக்கு இரண்டடி வைத்தும் விட்டேன். பிறகு நின்றேன்.

"தம்பி, லண்டனிலை நீர் ஆரோடை இருந்து சாப்பிடுறனீர்?"

போர்வையைப் பார்த்தார், மேலே வெங்காயத்தைப் பார்த்தார். பிறகு நீங்கள் இருந்து வகுப்பு நடத்தின அந்தக் கதிரையை இழுத்து, மெல்ல இருந்தார்.

"அக்கா..." என்று தொடங்கினார்.

முற்றத்தில் சேவல் கூவியது.

"கொஞ்சம் பொறும் தம்பி" என்றேன். ஓடிப்போய்க் கடகத்தால் மூடி, கல்லையும் வைத்துவிட்டு வந்து, என்னுடைய இடத்தில், வாசலில் இருந்தேன்.

"இனிச் சொல்லும்."